பூவம்

ஒட்டாவாவிலிருந்து வந்த நாத்தனார்
சாக்ஸுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள்
பதினோரு மேப்பிள் விதை.
தும்பி உதறிவிட்டுப் போன இறகு மாதிரி
ஒவ்வொன்றும்.
குளிர் பட்டால்தான் முளைக்குமாம்.
ஈரத்துணியில் சுற்றி
ஃப்ரிட்ஜில், தோசைமாவுக்குப் பின்னால்
மூன்று மாதம்.

இரண்டு முளைத்தன.
சித்திரை பதினாறுவரை இருந்தன.

புளியரையில் எடைமேடைச் சீட்டு போடுவது என் வேலை.
ஜல்லி, எம்-சாண்ட், வைக்கோல்,
மலையேறுமுன் எல்லா லாரியும்
என் ஜன்னலில் நின்று மூச்சு வாங்கும்.
வருகையில் காலி.
அப்படி ஒருநாள் காலியாக வந்த ஷிபு
கறுப்புக் கவரில் ஒரு கன்றை இறக்கினான்.
"சொவப்பு அல்லே வேண்டது? பூவம் மதி, சேச்சி.
காட்டுமரமாணு. பதுக்கெயே வளரூ."
ஆரியங்காவு நர்சரியில் நாற்பது ரூபாய்.
மேடையில் வைத்துப் பார்த்தேன்,
திரையில் பூஜ்யம்.

வீடு மூன்றரை சென்ட்.
முன்னால் முழுக்க பேவர் பிளாக்.
கழிவுத்தொட்டிக்குப் பதினைந்து அடி,
கரண்ட் கம்பிக்கு இருபது,
டேப் பிடித்து அளந்த கணவர் சொன்னார்,
மிச்சம் கார் நிற்கிற இடம்தான்.
நமக்கேது கார்?
வாங்கினால்?
நான் பன்னிரண்டு கல்லைப் பெயர்த்தேன்.
அடியில் மண்
கட்டுப் பிரித்த கை மாதிரி வெளுத்திருந்தது.

முதல் வருடம் ஒரு சாண்.
இரண்டாம் வருடம் ஆடு.
மூன்றாம் வருடம், கடித்த இடத்துக்குக் கீழிருந்து,
ஆனிச் சாரலில் மறுபடி.
நான்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் மாசிக் கடைசியில்
இருந்த இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது.
எதிர்வீட்டு ஞானசுந்தரி
பட்டுப்போச்சா என்றாள்.
விறகுக்குக்கூட ஆகாது என்றும் சொன்னாள்.

அப்புறம் ஒரு காலை,
பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தவள்
நுரையோடு நின்றேன்.
நுனியெல்லாம் சிவப்பு.
நிமிரத் தெரியாமல் தொங்கின தளிர்கள்,
அன்று ஈன்ற ஆட்டுக்குட்டியின் காது போல.
(ஆட்டை மன்னித்தது அப்போதுதான்.)

படம் அனுப்பினேன்.
அங்கே நடு ராத்திரி, ஆனாலும் உடனே பதில்:
"அங்கயும் இலை உதிர்ற காலம் வந்துட்டா மதினி?"
உங்க ஊரில் சாகிற இலை சிவக்கும்,
இது பிறக்கிற இலை
என்று அடித்தேன்.
திமிராகத் தெரிந்தது. அழித்துவிட்டு
ஆமா, வந்துட்டு என்றேன்.

பத்து நாளில் பச்சையாகிவிடும்.
இன்னொரு படம் கேட்டால் அவள் நம்பப்போவதில்லை.
கார் பேச்சு கொஞ்சநாளாக இல்லை.
இன்று பார்க்கிறேன்,
பேப்பரும் நாற்காலியுமாக அவர்
வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்,
நிழல் இன்னும் வந்து சேராத
இடத்தில்.