ஆறு நூல் கனம்

என் கைக்கு வந்தபோது
அந்த முதுகுப்பலகை ஆறு நூல் கனம்.
அக்ரூட் மரம். நடுவில் லில்லிப்பூ,
மூன்றிதழ், இடுப்பில் ஒரு கட்டு.
பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பூ.

சுங்க அலுவலக எழுத்தர் வோஷ்லே
சாக்கு போர்த்திய வண்டியில்
இரவோடிரவாகக் கொண்டுவந்தார்.
"பூ தெரியக்கூடாது சிடோனி.
ராஜாவின் பூ வைத்திருந்தவன் என்று
பக்கத்து வீட்டுக்காரன் சொல்லிவிட்டால்..."
கழுத்தைத் தடவிக்கொண்டார்.
பாரீஸில் அந்த வருடம்
யாரும் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

இரண்டு நூல் இழைத்தேன்.
வெறும் பலகையும் சந்தேகம்தான் என்றார்.
தொப்பி ஒன்று செதுக்கினேன்,
விடுதலையின் தொப்பி,
நுனி முன்பக்கம் சாய்ந்தது.
கோழிக்கொண்டையா என்றாள் என் மகள்.
வாயைப் பொத்தினேன்.

பிறகு பேரரசர் வந்தார், தேனீ வந்தது.
திரைச்சீலையில் தேனீ, சூப்புத் தட்டில் தேனீ,
வோஷ்லேயின் கோட்டுப் பொத்தானில் தேனீ.
(பதவியும் உயர்ந்திருந்தது.)
இன்னும் ஒன்றரை நூல் போயிற்று.
தேனீயை உயிரோடு பார்க்க
மோந்த்ரேய் பழத்தோட்டம்வரை நடந்தேன்.
கொட்டியது.
வீங்கிய கட்டைவிரலோடு
பன்னிரண்டையும் முடித்தேன்,
தலை மேலே, சிறகு கீழ்நோக்கி விரிய.

இழைத்த சுருள்கள் அடுப்புக்குப் போயின.
பூவும் தொப்பியும் ஒரே நிறத்தில் எரிந்தன
என்று சொன்னால் அழகாக இருக்கும்.
நான் கவனிக்கவில்லை.
பானை கொதித்ததா என்று பார்த்தேன்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு, ஏப்ரல்.
மறுபடி சாக்கு, மறுபடி வண்டி.
லில்லி வேண்டுமாம்.
பலகையைச் சுண்டினேன், அட்டைபோல் ஒலித்தது.
மிச்சம் இரண்டரை நூல்,
அதிலும் தேனீயின் உயரத்தைக் கழிக்கவேண்டும்.
"இன்னொரு ராஜாவை இது தாங்காது, ஐயா.
உளி வைத்தால் மறுபக்கம் வெளிச்சம் வரும்."
அவர் தன் தொப்பியை உருட்டிக்கொண்டே நின்றார்.

சட்டத்திலிருந்து உருவி
துடைப்பதற்கு மடியில் போட்டேன்.
தலைகீழாக விழுந்தது.
அடிவயிறு நடு இதழ்.
சிறகுகள் பக்கத்து இதழ்கள்.
கழுத்து, அதே பழைய கட்டு.
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.
அப்படியே திருப்பிச் செருகி
கண் இரண்டையும் மெழுகால் அடைத்தேன்.
வோஷ்லே குனிந்து பார்த்தார்.
"அசல் லில்லி" என்றார், கண் கலங்க.

மறுவருடம் மார்ச்சில்
வண்டியில்லாமல் ஓடிவந்தார்:
பேரரசர் தீவிலிருந்து கிளம்பிவிட்டாராம்.
ஊசியும் மரச்சுத்தியும் எடுத்துக்கொண்டு
நானே போனேன். ஒரு மணிநேர வேலை.
ஜூலையில் இன்னொரு மணிநேரம்.
இரண்டு தடவையும்
செதுக்கு கூலிதான் வாங்கினேன்.

பதினோராவது நாற்காலியில் மட்டும்
மெழுகு வைக்க மறந்துபோனேன்.
அந்தப் பூவுக்குக் கண் திறந்தே இருக்கிறது,
யார் வந்து சாய்ந்தாலும்
அவர் முதுகைப் பார்த்தபடி.