திருத்தம்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், ஏழாம் பக்கத்தில்,
மரண அறிவித்தலுக்கும் ராசி பலனுக்கும் நடுவே
‘கடைசி வரிசை’ என்ற பெயரில் எழுதுகிறவள் நான்தான்.
மற்ற நாளெல்லாம் தலவாக்கலையில்
பாமசியில் மாத்திரை எண்ணுகிறேன்.
அரை மாத்திரை வெட்டப் பிளேடு இருக்கிறது.
அரை நட்சத்திரத்தை எதனால் வெட்டுகிறேன் என்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.

நூற்றி இருபது சொல்.
அதற்குமேல் போனால் ஆசிரியர் மரியசூசை வெட்டுவார்.
நட்சத்திரத்தில் மட்டும் கைவைக்க மாட்டார்.
“சனம் அதத்தானே பாக்குது, தங்கச்சி.”

போன மாதம் பெரிய படம்.
ஹட்டன் தியேட்டர், தகரக் கூரை.
இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது.
ஆகவே இரண்டாம் பாதி வசனம் பற்றி நான் எழுதியது
உதட்டைப் பார்த்து எழுதியது.
பாட்டில் கதாநாயகி தேயிலைக்குள் ஓடினாள்.
கொழுந்தை விட்டுவிட்டு
முற்றிய இலையாகப் பார்த்துப் பிடுங்கிக்
கூடையில் போட்டாள்.
“இவளுக்கு அரைப்பேர்கூட விழாது!”
முன்வரிசையில் ஒருத்தி கத்த
தியேட்டரே சிரித்தது.
அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது.
திருடி என் பெயரில் போட்டேன்.
ஒன்றரை நட்சத்திரம்.

எழுதாமல் விட்டது:
இறந்துபோன அம்மாவின் செருப்பில்
நாயகன் கால் நுழைத்துப் பார்க்கிற காட்சி.
மலிவான காட்சி. வயலின் எந்த இடத்தில் ஏறும் என்று
எனக்கு முன்னமே தெரியும்.
தெரிந்தும் அழுதேன்.
பக்கத்து சீட்டுக்காரி, முன்பின் தெரியாதவள்,
கடலைச் சுருளைப் பிரித்துக் கிழித்து
பாதியை நீட்டினாள், மூக்கைத் துடைக்க.
மிளகாய்த்தூள் பட்டு
படம் முடிந்த பிறகும் அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு விமலேஸ்வரனின் படம்.
பொகவந்தலாவைப் பையன்.
கல்யாண வீடியோ எடுத்துச் சேர்த்த காசு, இரவல் கெமரா.
மண்டபத்தில் அறுபது கதிரை, பதினான்கு பேர்.
ஒரு பீலி. வரிசையில் வாளிகள்.
கெமரா அசையவில்லை.
ஒரு வாளி நிறைகிறது. அடுத்த வாளி.
யாரும் சாகவில்லை, யாரும் பாடவில்லை,
பனிமூட்டம் அழகாக விழுந்துவிடக் கூடாதென்று
வெயில் நாளாகப் பார்த்து எடுத்திருந்தான்.
நம்மை நாமே எடுத்த படம்.
“நிதானம். நேர்மை. சமரசமற்ற பார்வை” என்று எழுதினேன்.
நான்கு நட்சத்திரம்.

செவ்வாய்க்கிழமை பாமசிக்கு வந்தான்.
மருந்து வாங்க இல்லை.
கவுண்டரில் பத்திரிகையை விரித்தான்.
“அக்கா, நாலு எதுக்கு?”
நிதானம், என்றேன்.
“மூணாவது வாளி நெறயிறப்ப தூங்கிட்டீங்க.
நான் புரஜெக்டர் பக்கத்துலதான் நின்னேன்.
ஆறாவது வாளிக்குத்தான் முழிச்சீங்க.”
குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டம்.
“அந்த எடத்துல என்ன செய்யிறதுன்னு
எனக்கும் வெளங்கல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.
அந்தப் பெரிய படத்த
எவ்வளவு கவனமா ஏசியிருந்தீங்க!”

கையில் யாருக்கோ எண்ணிக்கொண்டிருந்த மாத்திரை.
எத்தனை வரை வந்தேன் என்று மறந்து
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.
அவன் எண்ணி முடியும்வரை நின்றான்.
நான் மெதுவாக எண்ணினேன்.

இந்த வாரம் படமில்லை. ஆகவே திருத்தம்.

ஒன்றரை கொடுத்த படத்தில் அழுதேன்.
அழுததற்கென்று எதையும் கூட்டவில்லை.
நான்கு கொடுத்த படத்தில் தூங்கினேன்.
ஊர்ப் பையன் என்று கூட்டிப் போட்டது எத்தனை என்பது
எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.
மூன்றாவது வாளிக்கும் ஆறாவது வாளிக்கும் இடையில்
அந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று
இந்த விமர்சகருக்குத் தெரியாது.
மறுபடி காட்டினால் வருவார்.
டிக்கட் வாங்கி வருவார்.

நூற்றி இருபதுக்குள் அடங்கிவிட்டது.
ராத்திரி மரியசூசை போன் எடுத்தார்.
“எல்லாஞ் சரி தங்கச்சி.
இதுக்கு எத்தன நட்சத்திரம் போட?”