மெல்லிய தண்டு

பெர்னிக் நகரில், தபால் நிலையத்துக்குக் கீழே
எங்கள் பளுக்கூடம்.
ஸ்த்ராவ்கோ இரண்டு அட்டவணைகள் ஒட்டியிருந்தான்:
ஆண்களுக்கு ஐந்தைந்தாய் இரும்பு,
எங்களுக்கு இளஞ்சிவப்பு டம்பெல், இருபது தடவை,
"தோள் அகன்றுவிடாமல்."

என் உள்ளங்கை சிறியது, ஒப்புக்கொள்கிறேன்.
மெல்லிய தண்டைத்தான் எடுப்பேன்.
ஆனால் என் வார்டில், இரவு மூன்று மணிக்கு,
கட்டிலிலிருந்து சரியும் சுரங்கத் தொழிலாளி
தூக்குபவள் பெண்ணென்று
கிலோ குறைத்துக்கொண்டு விழுவதில்லை.

அவர்கள் அட்டவணையையே செய்தேன்.
ஸ்த்ராவ்கோவைவிட நாற்பது கிலோ குறைவு.
முழங்காலில் அதே நடுக்கம்.

ஐந்தாம் சுற்றுக்கு முன்
சுவரில் சாய்ந்து இரைத்தான்.
எனக்கு எப்போதோ மூச்சு திரும்பிவிட்டது.
கையில் சுண்ணப்பொடியோடு காத்திருந்தேன்,
ஆண்களின் ஓய்வு எத்தனை நிமிடமென்று
அட்டவணையில் தேடிக்கொண்டு.