பின்பக்கம்

ஞாயிறு காலை ஏழரை. டிப்டன்.
மெதடிஸ்ட் தேவாலயக் கூடம் இன்னும் திறக்கவில்லை.
மழையில் நிற்கிறோம் பதினான்கு பேர்,
அதில் பதின்மூன்று ஆண்கள்.
"வீட்டுக்காரருக்கு வாங்க வந்தீங்களா?" என்கிறான் புதியவன்.
பழையவர்கள் குனிந்து தத்தம் ஷூவைப் பார்க்கிறார்கள்.
முதல் அச்சா இரண்டாம் அச்சா என்று
இருட்டில் விளிம்பைத் தடவியே சொல்வேன்,
அவர்களுக்குத் தெரியும்.

முப்பது வருடம் கேஸ் மீட்டர் பார்த்தவள்.
ஊரார் வீட்டு மாடிப்படிக்கு அடியில்
டார்ச் அடித்து எண் படித்த கண்.

எனக்கு ஆல்பம் ஆகாது.
பன்னிரண்டு அங்குலத்தில் நீட்டி முழக்குகிறவர்கள்
நன்றாக இருக்கட்டும்.
ஏழு அங்குலம் போதும். மூன்று நிமிடம், இருபது நொடி.
அதற்குள் ஒரு கிடார் கதவை உதைத்துத் திறந்து
மேஜையைக் கவிழ்த்துவிட்டு
வந்த வழியே போய்விட வேண்டும்.

நடுத்துளையைப் பெரிதாகக் குடைந்திருந்தால்
அது ஜூக்பாக்ஸில் உழைத்த தட்டு.
பீரும் புகையும் குடித்தது.
ஊசி வைத்தால் முதலில் கொஞ்சம் இருமும்.
லேபிளில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால்
மற்றவர்கள் ஒதுக்குவார்கள், விலை பாதி.
நான் அவற்றைத்தான் பொறுக்குவேன்.
"மோரீன்."
"பாட் எச். தொடாதே."
"இது என் அண்ணனுடையது அல்ல."

வீடு காலிசெய்கிறவரின் வாழைப்பழ அட்டைப்பெட்டியில்
கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் குதிரைப் பந்தயச் சிரிப்புரைக்கும் நடுவே
டின் மாஜிஸ்ட்ரேட்ஸ்.
எழுபத்தொன்று. எங்கள் பக்கத்து வார்ப்படச்சாலைப் பையன்கள் நாலு பேர்.
போட்டதே இந்த ஒரு தட்டு,
பிறகு டிரம் அடித்தவன் டைல்ஸ் ஒட்டப் போனான்.
என்னிடம் ஏற்கெனவே நாலு பிரதி.
ஐந்தாவதைத் திருப்புகிறேன். பச்சை மை:
"ஜி. டிரான்டர். திருப்பித் தரணும்."

என் கையெழுத்து.
பத்தொன்பது வயதில்
முற்றுப்புள்ளியைக்கூடக் குத்தித்தான் வைத்திருக்கிறேன்.

ராய் ஹாடக்குக்குக் கொடுத்தது.
வில்லன்ஹால் பூட்டுத் தொழிற்சாலை, எனக்கு எதிர் பெஞ்ச்.
தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணாடி பறந்து
ஒருநாள் சாவித்துருவல் தொட்டியில் விழுந்தது.
பின்பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டு, ஆர்கனும் குரலும் மட்டும்.
"அத்தைமார் துணி மடிக்கிற பாட்டு" என்றான்.
நானும் சிரித்தேன்.
வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னான்.
எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை.
வருடக்கணக்காய்த் திட்டியிருக்கிறேன் அவனை,
முக்கியமாக விலை ஏறியபோதெல்லாம்.

டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்க்கிறேன்.
முன்பக்கம் தொட்டித் தண்ணீர் போலக் கருப்பு.
என் முகம் தெரிகிறது, மூக்கு வரை.
பின்பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது.
ஒரு பக்கத்துக்கு ஒரே கோடுதான் உண்டு,
வெளியிலிருந்து உள்ளே சுருண்டு போவது.
அந்த ஒரே கோட்டில்
எத்தனை நூறு தடவை நடந்திருக்கிறான்.

"பின்னாடி போச்சு, ஒண்ணரை பவுண்டு குடுங்க."
இரண்டு கொடுத்தேன்.
யார் வீடு என்று கேட்டேன்.
"பில்ஸ்டன் பக்கம். பேரெல்லாம் தெரியாது.
நாய் ஒண்ணு இருந்துச்சு, பக்கத்து வீட்டுல கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வீட்டில் என் நாலு பிரதியையும் விளக்கில் காட்டினேன்.
நாலுக்கும் பின்பக்கம் பளபளப்பு.
ஐம்பது வருடமாகச் சேர்க்கிறேன்,
அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது.

நல்ல பிரதியைப் போட்டிருக்கலாம்.
அவனுடையதைப் போட்டேன்.
பாதிக்கு மேல் இரைச்சல்,
மழைக்குள் யாரோ பேசிக்கொண்டே வருவது போல.
இரண்டாவது நிமிடத்தில் ஊசி தாவுகிறது,
ஒரே சொல்லில் நின்று
"இன்னும்" "இன்னும்" "இன்னும்" என்கிறது.
சுட்டுவிரலால் லேசாகத் தட்டினால் கடந்து போகிறது.

அப்படியென்றால் அவனும்
ஒவ்வொரு தடவையும், அந்த இடத்தில்,
நாற்காலியை விட்டு எழுந்து வந்திருக்க வேண்டும்.

மறுபடி வைக்கிறேன்.
இந்தமுறை உட்காரவில்லை.