விடுபட்ட எழுநூற்று முப்பத்திரண்டு

உப்புக்கல்லில் பாதிகூட இராது.
நாவற்பழத் தோலின் நிறம்.
காற்றைக் கண்டால் புகைந்து வெளுத்துப்போகும்.
இதைச் செய்ய லுட்விகாவுக்குப் பதினான்கு மாதமானது;
மூன்று முறை குடுவை தீப்பிடித்தது,
ஒரு முறை அவள் புருவம்.

எண்ணெய்த் துளிக்குள் முக்கியெடுத்து
கண்ணாடி இழையின் நுனியில் ஏற்றி
நைட்ரஜன் குளிரோட்டத்தில் நிறுத்தினேன்.
எண்ணெய் உறைந்து பிடித்துக்கொண்டது.
வியாழன் காலை ஏழரை.
அதன் பிறகுதான் மூச்சு விட்டேன்.

வ்ரோத்ஸ்வாஃபில், வேதியியல் கட்டடத்தின் நிலவறையில்
எங்கள் கருவி பழையது. அவசரம் அறியாதது.
ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம்.
எண்ணி முடித்ததும் நான்கு வட்டங்களும் முனகித் திரும்பும்,
அடுத்த புள்ளி.
மொத்தம் நாலாயிரத்து இருநூறு.
மணிக்கொரு தரம் பழைய மூன்று புள்ளிகளுக்கே வந்து
இன்னும் இருக்கிறாயா என்று
படிகத்தைக் கேட்டுவிட்டுப் போகும்.
இருக்கிறேன் என்றது, வெள்ளி முழுக்க.

நாங்கள் தேடியது இதைத்தான்:
இரண்டு மாலிப்டினம் அணுக்களுக்கு நடுவே
ஒரேயொரு ஹைட்ரஜன்.
உண்டு என்கிறாள் லுட்விகா.
எக்ஸ் கதிருக்கோ அது
எரியும் வைக்கோற்போரின் பக்கத்தில் ஒரு மின்மினி.

வெள்ளி இரவு, ஓப்போலே மூழ்கியதாக வானொலி.
சனி காலை, தெருவெல்லாம் மணல்மூட்டை.
பேராசிரியர்கள், பேக்கரிக்காரர்,
பள்ளிச் சீருடையிலேயே வந்த ஒரு கன்னியாஸ்திரி,
கைக்குக் கை மாறிப் போனது ஆற்றங்கரை.
நானும் நின்றேன்.
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு புள்ளி என்று
மனசு தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முடிந்துவிடும்.
ஓட்ராவுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஆறு வாசல் வழியாக வரவில்லை.
தரையிலிருந்த சாக்கடை மூடி மெல்ல எழும்பி
ஓரமாக நகர்ந்து வழிவிட்டது.
காவலாளி ரோமுவால்ட் முழங்கால் நீரில் நின்று கத்தினார்:
"அம்மா, மின்சாரத்தை நிறுத்தப் போகிறேன்!"
"இன்னும் ஒரு நிமிடம்" என்றேன்.
கொடுத்தார்.
மூவாயிரத்து நானூற்று அறுபத்தெட்டாவது புள்ளி.

பிறகு விசிறிச் சத்தம் நின்றது.
குளிரோட்டம் நின்றது.
கைவிளக்கை லென்ஸுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன்.
எண்ணெய் இளகியது.
நாவல் நிறம் ஒரு விளிம்பிலிருந்து வெளிறத் தொடங்கியது,
யாரோ அந்தப் பக்கம் இருந்து உறிஞ்சுவதுபோல.
ஐந்து நிமிடம் இருக்கலாம்.
ரோமுவால்ட் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

வட்டுகளை மட்டும் தலைமேல் வைத்துப் படியேறினேன்.

இலையுதிர் காலம் வரை அந்த எண்களோடு இருந்தேன்.
மாலிப்டினம் இரண்டும் நின்றன.
வளையங்களில் ஒன்று அடங்கவில்லை;
பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே
என்றுதான் அதை எழுத முடிந்தது.
உலோகங்களின் நடுவே, சற்று மேலே தள்ளி,
எலெக்ட்ரான் வரைபடத்தில் ஒரு சிறு மேடு.
அதே உயரத்தில் இன்னும் நாலு மேடுகள்,
எவனுக்கும் சொந்தமில்லாத இடங்களில்.

"அதுதான், சபீனா" என்றாள் லுட்விகா.
இருக்கலாம்.
அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.
ஹைட்ரஜன் இருக்குமிடம் தீர்மானிக்கப்படவில்லை
என்று தட்டச்சு செய்தபோது
அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.
பனி விழும்வரை பேசவில்லை.

கட்டுரையைச் சரிபார்த்தவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்:
தரவு ஏன் எண்பத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது?
காரணம் எழுத வேண்டிய கட்டத்தில்
ஆறு என்று எழுதினேன்.
குறியீடா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.
நீர் என்று திருத்தினேன்.

நிலவறைச் சுவரில் என் தோளுயரத்துக்கு
ஒரு பழுப்புக் கோடு.
வெள்ளையடித்தும் கசிகிறது.
அந்தக் கண்ணாடி இழையைக் குறிப்பேட்டில்
ஒட்டி வைத்திருக்கிறேன், சனிக்கிழமைப் பக்கத்தில்.
நுனியில் வெள்ளையாக ஏதோ.
லுட்விகா போன வாரம் வந்து பார்த்தாள்.
ஊதிவிடாதே என்றேன்.
வாயைப் பொத்திக்கொண்டே குனிந்தாள்.