இன்றேல், ஏன்?

ஓட்டமாவடியில், பாலத்துக்குக் கிட்ட, ஜெஸீமாவின் கடைக்கு
மூன்று பேர் வந்தார்கள், சாதாரண உடுப்பில்.
போட்டோகொப்பி மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
தந்த துண்டில் "பொருள் ஒன்று" என்றிருந்தது,
கையெழுத்து மாதிரி ஒரு புழு நெளிந்தது.
திணைக்களத்தின் பேர் இல்லை.

துண்டை என் மேசையில் வைத்தாள்.
திருமலை வீதியில், எங்கள் உறுப்பினரின் அலுவலகத்தில்
கேள்வி எழுதுவது என் உத்தியோகம்.
"மேற்படி உபகரணத்தைக் கைப்பற்றிய நிறுவனம் யாது
என்பதை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா?"
மெஷின் என்று எழுதவில்லை. கை பழகிய சொல் உபகரணம்.
பிறகு, எல்லாக் கேள்விக்கும் ஒட்டுகிற வால்:
"இன்றேல், ஏன்?"

அமைச்சர் இரண்டு வாரம் அவகாசம் கேட்டார்.
பிறகு இன்னும் இரண்டு வாரம்.
பிறகு விடையைச் சபாபீடத்தில் வைத்தார்:
தகவல் திரட்டப்படுகிறது.

தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பித்தோம்.
தேசிய பாதுகாப்பு என்று வந்தது,
இரண்டே சொல், மூன்று மொழியில்.

குழு அழைத்தது. பணிப்பாளர் வந்தார்.
பத்திரிகைக்காரரை வெளியே அனுப்பச் சொன்னார்,
தண்ணீர் கேட்டார்.
அதற்குமேல் தெரியாது, நானும் வெளியே.

ஓட்டமாவடிப் பிள்ளைகள்
பழைய வினாத்தாள் கொப்பிக்கு வாழைச்சேனைக்குப் போனார்கள்.
ஜெஸீமா ரீலோட் போட்டுக்கொண்டிருந்தாள்,
மெஷின் நின்ற இடத்தில்
தரை மட்டும் ஒரு சதுரம் வெளுத்திருந்தது.

வரவுசெலவுத் திட்டம் வந்தது.
மூலையில் கிடந்த பழைய சாமான் ஒன்றை எடுத்தோம்:
அந்தத் திணைக்களத்தின் ஒதுக்கீட்டில்
ரூபா பத்துக் குறைக்கப்பட வேண்டும் என்றொரு பிரேரணை.
கோடிகளில் பத்து ரூபாய்.
"நான் ஒரு பக்கத்துக்கு எடுத்த காசு" என்றாள் ஜெஸீமா.
அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கண்டேன்.

விவாதம் இரவாகிவிட்டது. அமைச்சருக்குப் பசி, கோபம்.
"ஒரு போட்டோகொப்பி மெஷினுக்காகவா
இந்தச் சபையின் நேரத்தை..."

ரேடியோவை நிறுத்திவிட்டு
எங்கள் கோவையைப் புரட்டினேன், முதல் தாளிலிருந்து.
கேள்வியில் அந்தச் சொல் இல்லை.
விண்ணப்பத்தில் இல்லை. பிரேரணையில் இல்லை.
அவர்கள் தந்த துண்டில்கூட இல்லை.

பிரேரணை குரல்வாக்கில் தோற்றது,
அரை நிமிடம் ஆகியிருக்காது.
ஹன்சாட் வெளிவந்ததும் ஜெஸீமா
அந்தப் பக்கத்தில் மூன்று பிரதி கேட்டாள்.
வாழைச்சேனையில் எடுத்தோம்.
பக்கம் பதினைந்து ரூபாயாம் இப்போது.

அடுத்த கேள்வியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
உபகரணம் என்று போட்டு
வெட்டிவிட்டேன்.