சீற் உயரம்

ஒன்பது கிலோ அறுநூறு.
ஜௌபர் கொளுவித் தூக்கிய தராசில்
அவ்வளவுதான்.
"அலுமினியம் அக்கா,
இரும்பெண்டாலும் பாரம் நிக்கும்.
நாலாயிரம் தரலாம்."

பாரமில்லை என்பதற்காகத்தான்
அத்தனை யூரோ கொடுத்து வாங்கி
லியோனிலிருந்து அனுப்பிவைத்தார் இவரின் தமையன்.
பாரமில்லை என்பதற்காகவே
இன்றைக்கு விலையுமில்லை.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
அவர் ஓட்டோவின் ஒலிபெருக்கியைத் திரும்பப் போட்டுக்கொண்டு
கொட்டடி ஒழுங்கைக்குள்
பழைய பற்றறி கேட்டுப் போனார்.

ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கான்டில்.
கிணற்றடிக்குப் போகும் வழியில் சாத்தியிருப்பதால்
ஒவ்வொரு இரவும் என் துவாயைப் பிடித்து இழுக்கும்.
ஆறு வருஷமாய்
துவாயை விடுவித்துக்கொண்டுதான் குளிக்கப் போகிறேன்.

பக்கத்து வீட்டுப் புஷ்பகாந்தன் கேட்டார்:
நேர்க் கான்டில் போட்டு, பின்னுக்கு ஒரு கரியரும் பூட்டினால்
மீன் வாங்கப் போகலாமே.
அவர் மகனுக்குச் சில்லு இரண்டும் போதுமாம்.
மிச்சத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு
மிச்சம் உங்களுக்கு என்றான்.

வால்வோ வேறு சாதி.
ஊசி போல மெல்லிசு.
கஸ்தூரியார் வீதியில் ஐந்து கடை ஏறி இறங்கினேன்,
ஒரு பம்பின் வாயும் அதைக் கவ்வவில்லை.
ஆறாவது கடைக்காரப் பெடியன்
லாச்சியின் அடியில் துழாவி
தையல் விரலுறை அளவில் ஒரு பித்தளைக் குமிழ் எடுத்தான்.
இருநூற்றைம்பது.
விற்கப்போகிற சைக்கிளுக்கு
எதற்குக் காற்று என்று
வீட்டுக்கு வரும்வரை என்னையே கேட்டேன்.

காற்றடித்தபின் அது
இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது.
ஏறிப் பார்த்தேன்.
சீற் என் இடுப்புக்கு மேலே.

பருத்தித்துறையிலிருந்து முற்றவெளி வரை
ஒரு சித்திரைப் புதுவருஷ ரேஸில்
மூன்றாவதாய் வந்த கால்களின் உயரம் அது.
நட்டைத் தளர்த்தினேன், தண்டு அசையவில்லை.
மண்ணெண்ணெய் விட்டு ஒரு கிழமை ஊறவைத்தேன்.
சுடுதண்ணீர்.
சுத்தியலால் ஒரு தட்டு, கொஞ்சம் கோபமாய் இன்னொரு தட்டு.
உப்புக் காற்று இரண்டு உலோகத்தையும்
ஒன்றாக்கிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார்:
"வந்த விலைக்குக் குடும்."
நாலு நிமிஷம் இருபது செக்கன்.
முன்பெல்லாம் காட் முடியும்வரை கதைப்பார்,
இப்போது காட்டே தேவையில்லை.
தூரத்தில் இருக்கிறவரை
'இவர்' என்றே சொல்லிப் பழகிவிட்டது வாய்.

நாவாந்துறையில் அருள்நேசனின் வேர்க்சொப்.
படலைக்கு ஒட்டிக்கொண்டிருந்தவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"கழராது பிள்ளை. வெட்டலாம்.
வெட்டினால் பிறகு உயர்த்தேலாது.
உயரமான ஆக்கள் ஆரும் ஓடுறவையோ?"

அந்தக் கேள்விக்கு
நான் கொஞ்சம் நேரம் எடுத்தேன்.
வெளியே ஒரு லொறியில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இல்லை என்றேன்.

வாள் பிடித்தபோது எழுந்த சத்தத்தில்
பல் கூசியது.
துண்டு நிலத்தில் விழுந்து உருண்டு
பெயின்ற் பேணிக்குப் பக்கத்தில் நின்றது.
என் நடுவிரல் நீளம்கூட இல்லை.
மிச்சத் தண்டில் சீற்றை இறுக்கி
"ஏறிப் பாரும்" என்றார்.

காலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலம்.
கியர் மாற்றத் தெரியாது,
ஏதோ ஒன்றில் தானாய் விழுந்து ஓடியது.
முதுகு வளைந்து, முகம் றோட்டுக்குக் கிட்டவாய்
கடல் இரண்டு பக்கமும் தட்டையாய்க் கிடந்தது.
சோதனைச் சாவடிக்கு முன்னால் நிறுத்தினேன்,
கால் நிலத்தில் முழுதாய்ப் பட்டது.
தொடை நடுங்கியது என்பதையும் எழுதவேண்டும்.
எட்டு மணிக்குப் பாமசி திறக்கவேண்டும் என்று
திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு.
"குடுத்தாச்சோ?"
"இல்லை. வெட்டிப்போட்டன்."
"எதை?"
"சீற் தண்டை."
அவர் பக்கத்தில் ஏதோ ஒரு கதவு
மெதுவாய்ச் சாத்துப்பட்டது.
"அப்ப நான் வந்தால்?"
அப்படி ஒரு கேள்வியை
ஆறு வருஷத்தில் முதல்முறை கேட்டார்.

"வாங்கோ," என்றேன்.
"வேற ஒண்டு பாப்பம்."